22 மாதக் குழந்தை, ஒரு நாளைக்கு நான்கு தடவை மோஷன், டயப்பரில் முழு கேரட்: இது சரிதானா?

தூக்கமில்லா_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடுங்கள். முழுக்க முழுக்க கக்கா பற்றிய கேள்வி.

என் மகனுக்கு 22 மாதம். ஐந்து வாரமாக ஒரு நாளைக்கு நான்கு தடவை மோஷன் போகிறான், சில நாள் ஐந்து. காலையில் எழுந்ததும் போவது ஓரளவு கட்டியாக இருக்கிறது. மதியத்துக்கு மேல் இளகிக்கொண்டே போய் சாயங்காலம் கூழாகிவிடுகிறது. அதில் நான் மதியம் நறுக்கிப் போட்ட கேரட், நறுக்கின வடிவத்திலேயே கிடக்கிறது. பட்டாணி இப்போதுதான் தோலோடு உரித்துப் போட்ட மாதிரி. இதுதான் என்னைப் படுத்துகிறது. சாப்பிட்டது அப்படியே வெளியே வந்தால் உடம்பில் என்னதான் ஒட்டும்?

போன வியாழக்கிழமை இன்னொன்று. மலத்தில் கறுப்பாக, நூல் நூலாக, ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத இழைகள். பூச்சி என்று நினைத்துக் கை நடுங்கிவிட்டது. போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். என் போனில் மகன் சிரிக்கிற படத்தைவிட டயப்பர் படம்தான் இப்போது அதிகம்.

காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை. வீடு முழுக்க ஓடுகிறான். ராத்திரியில் ஒரு தடவைகூடப் போனதில்லை. எடை 11.4 கிலோ, இரண்டு மாதத்துக்கு முன்னால் 11.1. மாமியார் பல் முளைக்கிறது என்கிறார். கணவர் எதையும் சொல்வதில்லை, டயப்பரை மாற்றும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். தோழியின் மகள், இவனைவிட ஒரு வாரம்தான் பெரியவள், இரண்டு நாளைக்கு ஒரு தடவை, அதுவும் அழகாகப் போகிறாளாம். இந்த வயதில் எதுதான் சரியான கணக்கு? பாலை நிறுத்திப் பார்க்கவா?

ஜன்னலோரம்:

கறுப்பு நூலுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். முந்தின நாள் வாழைப்பழம் சாப்பிட்டானா? பழத்தின் நடுவில் இருக்கிற மெல்லிய இழை செரிக்காமல் கறுத்து வெளியே வரும், பார்க்கப் புழு மாதிரியே இருக்கும். நான் அதை ஒரு பாட்டிலில் போட்டு டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போன ஆள். அவர் பாட்டிலைத் திறக்காமலே “வாழைப்பழமா?” என்றார். அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை.

நிஜமான கீரிப்பூச்சி வெள்ளையாக இருக்கும், நெளியும், ராத்திரியில் பின்பக்கம் அரித்துக் குழந்தை தூங்காமல் புரளும்.

ரெண்டுவாலுஅப்பா:

சகோதரி, உங்கள் பதிவைப் படித்ததும் நான்கு வருடத்துக்கு முன்னால் நான் எழுதியதோ என்று தோன்றியது. பெரியவன் இதே கேஸ், சின்னவள் நேர் எதிர். இரண்டிலும் தப்பான பக்கம் போய் முட்டிக்கொண்டு வந்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் கணக்கு. ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைகள் வாரத்துக்கு 4 தடவையிலிருந்து 21 தடவை வரை போவதை வழக்கமான வரம்பாக மருத்துவர்கள் வைத்திருக்கிறார்கள். சராசரி ஒரு நாளைக்கு ஒன்றுக்குக் கொஞ்சம் மேலே. அதாவது உங்கள் தோழி மகள் வரம்பின் கீழ் ஓரத்தை ஒட்டி நிற்கிறாள், நாளைக்கு மூன்று தடவை போகிற பிள்ளை மேல் ஓரத்தில். உங்கள் மகன் வரம்பைக் கொஞ்சம் தாண்டி நிற்கிறான். அதனால் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பயப்படவும் வேண்டாம், அதை மட்டும் வைத்து நிம்மதியாகவும் வேண்டாம். எப்படிப் போகிறது என்று பாருங்கள், போன மாதம் அவன் எப்படிப் போனான் என்பதோடு ஒப்பிடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட ஆரம்பித்தால் அதற்கு முடிவே கிடையாது.

எப்படிப் பார்ப்பது என்பதற்கு ஒரு படம் இருக்கிறது, பிரிஸ்டல் அட்டவணை என்பார்கள். இங்கிலாந்தில் பிரிஸ்டல் மருத்துவமனையில் ஸ்டீபன் லூயிஸ், கென் ஹீட்டன் என்று இருவர் 1997-இல் வெளியிட்டது. தன்னார்வலர்களைச் சின்னக் குறிமணிகளை விழுங்க வைத்து, அவை குடலைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தார்கள். மலத்தின் வடிவமும் அந்த நேரமும் ஒத்துப்போயின. ஆட்டுப் புழுக்கை மாதிரி உருண்டை உருண்டையாக இருந்தால் முதல் வகை, ரொம்ப நேரம் குடலில் தங்கிக் காய்ந்தது. முற்றிலும் தண்ணீர் என்றால் ஏழாவது, ஓடி வந்தது. நடுவில் வாழைப்பழம் போல வழவழவென்று வருவது நான்காவது. பெரியவர்களுக்காகப் போட்ட படம்தான், ஆனாலும் டாக்டரிடம் “கொஞ்சம் இளகி, ஆனா தண்ணி இல்ல, ஆனா…” என்று இழுப்பதைவிட “ஆறாவது வகை” என்று சொல்லிவிடலாம். உங்கள் சாயங்கால டயப்பர் அநேகமாக ஆறு.

கேரட், பட்டாணி. இந்த வயதில் கடைவாய்ப் பல்லே முழுசாக வந்திருக்காது. வந்திருந்தாலும் யார் மெல்லுகிறார்கள்? என் மகனெல்லாம் விழுங்குகிற கட்சி. பட்டாணித் தோலும் சோளத்தின் தோலும் நம் குடலுக்கே கரையாத நார், இரண்டு வயதுக்காரனுக்கு எங்கே கரையும்? உள்ளே இருக்கிற சத்து போய்ச் சேருகிறதா என்பதை எடை சொல்லும். 300 கிராம் கூடியிருக்கிறானே, பிறகென்ன.

நான் ஒரு காரியம் செய்தேன், மனைவி இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறாள். ஒரு சனிக்கிழமை மதியம் பன்னிரண்டரைக்குப் பெரியவனுக்கு வேகவைத்த சோளம் இரண்டு கரண்டி கொடுத்தேன், அதற்கு முன்னால் ஒரு வாரம் சோளமே கிடையாது. நேரத்தைக் குறித்து வைத்தேன். அன்றைக்கு ராத்திரி ஏழே கால் டயப்பரிலேயே மஞ்சள் மணி ஆறு. ஏழு மணி நேரம்கூட ஆகவில்லை! அப்போதுதான் விஷயம் எனக்குப் புரிந்தது. செரிமானம் கெடவில்லை, வண்டி வேகமாகப் போகிறது.

இதற்கு டாக்டர்கள் ‘டாட்லர் டயரியா’ (நடை பழகிய வயதுக் குழந்தையின் வயிற்றுப்போக்கு) என்று பெயரே வைத்திருக்கிறார்கள். ஒரு மாதத்துக்கு மேல், நாளைக்கு நான்கு அல்லது அதற்கு மேல், வலி இல்லாமல், தூங்கும்போது போகாமல், எடை குறையாமல், சாப்பிட்டது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. பள்ளிக்கூட வயது வருவதற்குள் தானாகவே சரியாகும். ஆனால் அதைத் தூண்டிவிடுவது பெரும்பாலும் நம் கையில் இருக்கிற கோப்பைதான். பழச்சாறு! ஆப்பிள் சாறில் சார்பிட்டால் என்ற சர்க்கரை இருக்கிறது, பழச்சர்க்கரையும் அதிகம். சின்னக் குடல் இவற்றை முழுசாக உறிஞ்சாது. மிச்சம் பெருங்குடலுக்குப் போய்த் தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும், வாயு உண்டாக்கும். எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்கிறான் என்று எல்லாக் கோப்பையிலும் சாறுதான். சத்துதானே என்று நினைத்தோம். அது போதாதென்று, வயிற்றுக்கு லேசாக இருக்கட்டும் என்று எண்ணெய், வெண்ணெய் எல்லாவற்றையும் குறைத்துவிட்டேன். அது இன்னும் தப்பு. கொழுப்புதான் உணவு வயிற்றைவிட்டுக் கிளம்புவதைத் தாமதப்படுத்தும். நான் பிரேக்கைக் கழற்றிவிட்டு ஆக்சிலரேட்டரை மிதித்திருக்கிறேன்.

ஆக உங்களிடம் ஒரே கேள்வி: அவன் ஒரு நாளைக்கு என்னென்ன குடிக்கிறான்? தோராயமாக வேண்டாம், அளந்து சொல்லுங்கள்.

சின்னவள் கதை வேறு. அதை ஏன் சொல்கிறேன் என்றால், டயப்பர் ஈரமாக இருப்பதைப் பார்த்து எல்லாமே வயிற்றுப்போக்கு என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டரை வயதில் ஒருநாள் கெட்டியாகப் போய் வலித்துவிட்டது, லேசாக ரத்தக் கீறல். அதற்குப் பிறகு திரைச்சீலைக்குப் பின்னால் போய் நிற்பாள். குதிகால் தரையில் படாது, கால் இரண்டையும் பின்னிக்கொள்வாள், முகம் சிவக்கும். பாவம், எவ்வளவு முக்குகிறாள் என்று முதுகைத் தடவிக்கொடுத்தேன். டாக்டர் கேட்டார், “நீங்க முக்கும்போது காலைப் பின்னிக்கிட்டு நுனிவிரல்லயா நிப்பீங்க?” அவள் வெளியே தள்ளவில்லை, உள்ளே அடக்கியிருக்கிறாள். அப்படி அடக்கி அடக்கிச் சேர்ந்த கட்டியின் ஓரமாகத் தண்ணீர் மாதிரி கசிந்து ஜட்டியில் பட, நான் வயிற்றுப்போக்கு என்று நினைத்துப் பழம், காய் எல்லாவற்றையும் நிறுத்தினேன். இரண்டு வாரம் அவளை இன்னும் இறுக்கிவைத்த பெருமை எனக்கு உண்டு.

மலத்தை இளக்குகிற மருந்து மாதக்கணக்கில் தொடர்ந்தது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைத்தார்கள். நாலு நாள் நன்றாகப் போனதும் நானாக நிறுத்தி ஒருமுறை திட்டு வாங்கினேன். சாப்பிட்ட பிறகு குடல் தானே அசையும் என்பதால் காலை, ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் ஐந்து நிமிடம் உட்கார வைத்தோம். பாதம் தொங்கக் கூடாது, கீழே ஒரு முக்காலி. வந்தாலும் வராவிட்டாலும் ஐந்து நிமிடம்தான், திட்டு கிடையாது.

கமலி_ம:

இவ்வளவு பேசுவானேன்? பாலை அடியோடு நிறுத்துங்கள். எண்ணெய் ஒரு சொட்டு சேர்க்காதீர்கள். கட்டுகிற மாத்திரை மருந்துக் கடையிலேயே கிடைக்கும், கால் மாத்திரை தேனில் குழைத்துக் கொடுத்தால் இரண்டு நாளில் நின்றுவிடும். எங்கள் அக்கா பையனுக்கு அப்படித்தான் நின்றது.

வார்டுஅக்கா:

கமலி, கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்த மாத்திரைப் பேச்சு வேண்டாம்மா. குழந்தைகள் வார்டில் பதினான்கு வருடம் நர்ஸாக இருக்கிறேன். பெரியவர்கள் போடுகிற அந்த மருந்தை இரண்டு வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது, அதற்கு மேலும் டாக்டர் சொல்லாமல் கூடாது. குடல் அசைவையே நிறுத்திவிடும், வயிறு உப்பிப்போய் வருகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது நாங்கள்தான். பாலையும் காரணம் தெரியாமல் அடியோடு நிறுத்தாதீர்கள். நாளைக்கு அரை லிட்டர் சுமாருக்குள் இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் பிள்ளை சாப்பாடு சாப்பிடாது, மலம் இறுகும், இரும்புச்சத்தும் குறையும்.

தங்கச்சி, நீ எழுதியதில் எனக்குப் பிடித்த வரி “ராத்திரியில் ஒரு தடவைகூடப் போனதில்லை”. நாங்கள் முதலில் கேட்பது அதைத்தான். தூக்கத்திலிருந்து எழுப்பிவிடுகிற மோஷன் என்றால் நான் இங்கே எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், உடனே காட்டு என்று சொல்லியிருப்பேன். எடை ஏறுகிறது, ஓடுகிறான், நல்லது. ஆனாலும் ஐந்து வாரம் ஆகிவிட்டதால் ஒருமுறை டாக்டரைப் பார்த்துவிடு. அவசரம் இல்லை, ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். எடை, உயரம் குறித்த அட்டையை எடுத்துக்கொண்டு போ, போட்டோ ஒன்று போதும், நாற்பது வேண்டாம்.

நிறத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. பழுப்பு, மஞ்சள், பச்சை மூன்றும் எனக்கு ஒன்றுதான். பித்தநீர் முதலில் பச்சை, குடலில் போகப் போகத்தான் பழுப்பாகும். வேகமாக வந்தால் பச்சையாகவே வந்துவிடும். கீரை தின்றாலும் பச்சை. பீட்ரூட் தின்றால் சிவப்பு, அதைப் பார்த்து ராத்திரி பதினொரு மணிக்கு அலறிக்கொண்டு வந்த அப்பாக்களை நான் எண்ணுவதையே விட்டுவிட்டேன். இரும்புச்சத்து டானிக் குடித்தால் கறுப்பு. நான் பயப்படுகிற நிறங்கள் வேறு. வெள்ளையாக, களிமண் மாதிரி, சாம்பல் பூத்தது போல வந்தால் பித்தநீர் குடலுக்கு வரவில்லை என்று அர்த்தம். டானிக் எதுவும் இல்லாமல் தார் மாதிரி கறுப்பாக, பிசுபிசுவென்று வந்தால் உள்ளே எங்கோ ரத்தம் கசிகிறது. கெட்டியான மலத்தின் மேல் கோடு போட்டது போல் கொஞ்சம் சிவப்பு என்றால் பெரும்பாலும் ஆசனவாயில் வெடிப்பு, அதையும் காட்டத்தான் வேண்டும். மலத்தோடு கலந்து ரத்தம், சளி என்றால் அன்றைக்கே.

இன்னொன்று, அபூர்வம்தான், ஆனால் ஒருமுறை பார்த்தால் மறக்காது. பிள்ளை காலை வயிற்றோடு மடக்கி வீரிட்டு அழும், கொஞ்ச நேரத்தில் துவண்டு அமைதியாகிவிடும், மறுபடி அழும். வாந்தி வரலாம். பிறகு சிவப்பு ஜெல்லி மாதிரி மோஷன். குடலுக்குள் குடல் சொருகிக்கொள்வது அது. ஜெல்லி வரட்டும் என்று காத்திருக்காதே, அந்த அழுகையைப் பார்த்தாலே ஆஸ்பத்திரி.

அப்புறம், இதெல்லாம் மெதுவாக நடக்கிற சமாச்சாரம். திடீரென்று ஒருநாள் தண்ணீராக மூன்று, நான்கு தடவை போனால் அது பெரும்பாலும் கிருமி, அங்கே கவலை தண்ணீர்ச்சத்துதான். கடைசியாக எப்போது சிறுநீர் போனான் என்று பார். ஆறு, எட்டு மணி நேரமாக டயப்பர் காய்ந்திருந்தால், அழுதால் கண்ணீர் வராவிட்டால், கண் குழிவிழுந்து சோர்ந்து படுத்தால் உடனே வா. அதற்கு முன்னாலேயே ஓஆர்எஸ் கொடுக்க ஆரம்பிக்கலாம். இவன் வயதுக்கு, இளகிப் போகிற ஒவ்வொரு தடவைக்கும் 50 முதல் 100 மில்லி, கரண்டி கரண்டியாக. பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அந்த அளவு தண்ணீரில் முழுப் பாக்கெட்டும். கால் பாக்கெட்டை அரை டம்ளரில் கண்ணளவுக்குக் கலக்கிக் கொடுத்து உப்பு ஏறிப்போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

தூக்கமில்லா_அம்மா:

வார்டுஅக்கா, படித்துவிட்டு முதல் வேலையாக 37 போட்டோவை அழித்தேன்.

அண்ணா, நேற்று முழுக்க அளந்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. அவன் கோப்பையில் 200 மில்லி பிடிக்கும். காலையில் ஒன்று, தூங்கி எழுந்ததும் ஒன்று, சாயங்காலம் விளையாடும்போது ஒன்று. மூன்றும் ஆப்பிள் சாறு. மொத்தம் 600 மில்லி. பால் 350. வெறும் தண்ணீர்? பல் தேய்க்கும்போது விழுங்கியதைச் சேர்த்தால்கூட 50 தேறாது. யோசித்துப் பார்த்தால், ஆறு வாரத்துக்கு முன்னால்தான் வெயில் என்று சாறு பழக்கினோம். பழக்கியது நான். மாமியாரின் பல் கதையைக் கேட்டுச் சிரித்ததற்கு எனக்கு இது வேண்டும்.

வியாழனுக்கு முந்தின நாள் வாழைப்பழம் சாப்பிட்டிருக்கிறான். ஜன்னலோரம், உங்கள் பாட்டில் வீண்போகவில்லை.

வார்டுஅக்கா:

600 மில்லியா! ஒன்றிலிருந்து மூன்று வயதுக்கு நாளைக்கு 120 மில்லிக்கு மேல் சாறு வேண்டாம் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2017 அறிவுரை. ஒரு வயதுக்குக் கீழே சாறே வேண்டாம் என்கிறார்கள். பழமாகக் கொடு, சாறாக எதற்கு? ஒரே நாளில் பிடுங்கினால் வீடு இரண்டாகும், தண்ணீர் கலந்து கலந்து குறை.

ரெண்டுவாலுஅப்பா:

மூடி போட்ட கோப்பையிலேயே கலக்குங்கள், நிறம் வெளுப்பதை அவன் பார்க்கக் கூடாது. என் மகன் பார்த்துவிட்டான்.

தூக்கமில்லா_அம்மா:

பதினெட்டு நாள் கழித்து வருகிறேன். டாக்டரைப் பார்த்தோம். வயிற்றை அழுத்திப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், மலத்தை ஒருமுறை பரிசோதிக்கச் சொன்னார், அதில் ஒன்றும் இல்லை. மருந்து எதுவும் தரவில்லை. சாறைக் குறைக்கவும் சாப்பாட்டில் வெண்ணெய் சேர்க்கவும் சொன்னார், அண்ணா சொன்ன அதே பிரேக்.

முதல் நான்கு நாள் ரகளை. பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்ததை ஒரு வாய் வைத்துவிட்டுக் கோப்பையை என் காலடியிலேயே உருட்டிவிட்டான். ஐந்தாம் நாள் தாகத்தில் குடித்தான். இப்போது சாறு மதியம் மட்டும், 60 மில்லி, அதிலும் பாதி தண்ணீர். மோஷன் நாளைக்கு இரண்டு, எப்போதாவது மூன்று. சாயங்கால டயப்பர் ஐந்தாம் வகைக்கு வந்துவிட்டது. கேரட் இன்னும் தெரிகிறது, ஆனால் ஓரம் மழுங்கித் தெரிகிறது. புண்ணாகிச் சிவந்திருந்த தோலும் ஆறிவிட்டது. கணவர் மூச்சை விட்டுவிட்டார்.

ரெண்டுவாலுஅப்பா:

எல்லாம் சரி. சோளம் கொடுத்துப் பார்த்தீர்களா?

தூக்கமில்லா_அம்மா:

கொடுக்காமல் இருப்பேனா அண்ணா? ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணி. வெளியே வந்தது திங்கள் காலை எட்டு பத்துக்கு. மாமியாரும் நானும் சேர்ந்துதான் எண்ணினோம்.